ஒரு பக்கம் வெயில், இன்னொரு பக்கம் வெள்ளம்: ஜெட் அலைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூன் பிறந்தால் போதும், எங்கோ ஒரு கண்டம் வெயிலில் வேகிறது, இன்னொரு கண்டம் வெள்ளத்தில் மிதக்கிறது என்று செய்தி வரும். 'ஜெட் ஸ்ட்ரீம்தான் காரணம்' என்று யாராவது ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான், கேட்கிற ஆள்தான் மாறுகிறார். அவற்றைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. எளியவை முதலில், வாக்குவாதம் கிளப்புபவை பின்னால். இந்தப் பக்கத்தில் கோடை என்றால் வடக்கு அரைக்கோளத்தின் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெட் ஸ்ட்ரீம்னா என்ன? விமானம் பறக்கிற உயரத்துல பலமா அடிக்கிற காத்துதானே?

ஆமாம், அதேதான். தரையிலிருந்து சுமார் 9 முதல் 16 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பூமியைச் சுற்றி ஓடும் வேகமான காற்றுப் பட்டை. நீளம் ஆயிரக்கணக்கான கி.மீ., அகலம் சில நூறு கி.மீ., தடிமன் மட்டும் சில கி.மீ.தான். மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் வேகம் சாதாரணம், குளிர்காலத்தில் 400-ஐ ஒட்டிப் போவதும் உண்டு. ஒவ்வொரு அரைக்கோளத்திலும் பொதுவாக இரண்டு ஜெட்கள்: துருவப் பக்கமாக ஒன்று, வெப்பமண்டலத்தின் விளிம்பில் ஒன்று. சில நாட்களில் இரண்டும் சேர்ந்து ஒன்றாகிவிடும், சில நாட்களில் தெளிவாகப் பிரிந்து நிற்கும்.

காரணம் வெப்ப வித்தியாசம். சூடான காற்று விரிந்து உயரமாக நிற்கும், குளிர்ந்த காற்று சுருங்கித் தாழ்ந்து நிற்கும். அதனால் 10 கி.மீ. உயரத்தில் எடுத்துப் பார்த்தால் வெப்பமண்டலத்துக்கு மேலே அழுத்தம் அதிகம், துருவத்துக்கு மேலே குறைவு. காற்று துருவத்தை நோக்கிக் கிளம்புகிறது, பூமி சுழல்வதால் வரும் கொரியாலிஸ் விசை வடக்கு அரைக்கோளத்தில் அதை வலப்புறம் திருப்புகிறது, கடைசியில் அது கிழக்கு நோக்கி ஓடும் காற்றாகிவிடுகிறது. வித்தியாசம் கூடினால் வேகம் கூடும்.

இதை முதலில் அளந்தவர்களில் ஒருவர் ஜப்பானின் வசாபுரோ ஓயிஷி. 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டு மேல்காற்றின் வேகத்தைக் கணக்கிட்டார். முடிவுகளை 1926-ல் எஸ்பெராண்டோ என்ற செயற்கைப் பொதுமொழியில் வெளியிட்டார், உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று. யாருமே கவனிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானுக்கு மேலே உயரத்தில் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் இந்தக் காற்றில் மாட்டித் திணறிய பிறகுதான் மற்றவர்களுக்கு உறைத்தது.

அது ஏன் நேரா ஓடாம வளைஞ்சு வளைஞ்சு ஓடுது?

எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்தக் கேள்விதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பூமியின் சுழற்சி எல்லா அட்சரேகையிலும் காற்றின் மேல் ஒரே அளவில் வேலை செய்வதில்லை. பூமத்திய ரேகையில் அந்தத் திருப்பும் வேலை பூஜ்யம், துருவத்தில் உச்சம். மலைத்தொடரோ, பெரிய மழைமேகக் கூட்டமோ, கடலுக்கும் நிலத்துக்கும் உள்ள சூட்டு வித்தியாசமோ ஓடும் காற்றை வடக்கே தள்ளிவிட்டது என்று வையுங்கள். வடக்கே போகப் போகப் பூமியிலிருந்து கிடைக்கும் சுழற்சி கூடுகிறது. மொத்தச் சுழற்சி மாறக்கூடாது என்பதால் காற்று தன் சொந்தச் சுழற்சியைக் குறைக்க வேண்டும், அதாவது கடிகார முள் திசையில் திரும்ப வேண்டும். திரும்பினால் தெற்கே வருகிறது. தெற்கே அதிகமாக வந்துவிட்டால் இதே கணக்கு தலைகீழாகி மறுபடி வடக்கே ஏறுகிறது. இப்படித்தான் அலை பிறக்கிறது.

1939-ல் கார்ல் குஸ்தாஃப் ராஸ்பி இதைக் கணிதமாக எழுதினார், அதனால் ராஸ்பி அலைகள். வடக்கே ஏறி வளையும் இடம் முகடு, தெற்கே இறங்கி வளையும் இடம் அகடு. நடு அட்சரேகைகளில் பூமியை ஒரு சுற்று சுற்றினால் வழக்கமாக நான்கிலிருந்து எட்டு அலைகள் வரை எண்ணலாம்.

பத்து கிலோமீட்டர் மேல ஓடுற காத்து தரையில அடிக்கிற வெயிலை எப்படிங்க முடிவு பண்ணும்?

காற்றை மேலிருந்து கீழே அழுத்தியோ, கீழிருந்து மேலே இழுத்தோதான். அகட்டின் கிழக்குப் பக்கத்தில் மேல்காற்று விலகிப் பரவுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து காற்று ஏறுகிறது, குளிர்கிறது, மேகம், மழை. முகட்டின் கிழக்குப் பக்கத்தில் மேல்காற்று வந்து நெருக்குகிறது, போக வழியில்லாமல் கீழே இறங்குகிறது.

இறங்கும் காற்று சும்மா இறங்குவதில்லை. ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்கும்போதும் அழுத்தம் கூடிச் சுமார் 10 டிகிரி செல்சியஸ் சூடாகிறது, வெளியிலிருந்து யாரும் சூடு கொடுக்காமலேயே. கூடவே மேகத்தையும் கலைத்துவிடும், கோடையின் நீளமான பகல் முழுக்க வெயில் நேராகத் தரையில் விழும். முகடு அங்கேயே நான்கைந்து நாள் நின்றால் மண்ணின் ஈரம் வற்றிவிடும். ஈரம் இருக்கிறவரை சூரிய ஆற்றலில் ஒரு பங்கு நீரை ஆவியாக்கச் செலவாகும். வற்றிய பிறகு மொத்தமும் காற்றைச் சூடாக்கப் போகும். வெப்ப அலையின் ஆறாம் நாள் முதல் நாளைவிட மோசமாக இருப்பது இதனால்தான்.

அப்போ ஒரு நாட்டோட சூடான காத்துதான் ஜெட்ல ஏறி இன்னொரு நாட்டுக்குப் போகுது, சரியா?

இல்லை. இந்த ஒரு தப்பை மட்டும் விட்டுவிட்டால் மீதி எல்லாம் தானாகப் புரிந்துவிடும். போவது சூடு இல்லை, அலையின் ஆற்றல். நீளமான கயிற்றின் ஒரு முனையை உதறினால் நெளிவு மறுமுனைக்கு ஓடும், கயிறு உங்கள் கையில்தான் இருக்கும். ஓரிடத்தில் ஜெட் பலமாக வளைந்தால், அந்த வளைவின் ஆற்றல் கிழக்கே போய் அடுத்த அகட்டை ஆழமாக்கும், அது அதற்கடுத்த முகட்டை உயர்த்தும். ஒவ்வொரு இடத்திலும் மேலே சொன்ன ஏற்ற இறக்கம் புதிதாக நடக்கிறது. அங்கே காயும் வெயில் அந்த இடத்துக் காற்றை இறக்கிச் செய்த வெயில்.

வேகக் கணக்கும் விசித்திரமானது. தனித்தனி அகடு முகடுகள் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 முதல் 1000 கி.மீ. நகரும், சில சமயம் நகரவே நகராது. ஆனால் அலையின் ஆற்றல் அதே ஒரு நாளில் 2000 கி.மீ.க்கு மேல் போய்விடும். அதனால்தான் மேற்கு பசிபிக்கில் ஒரு புயல் வடக்கே ஏறி ஜெட்டை இடித்தால், அந்தப் புயல் செத்த பிறகும் சில நாட்களில் வட அமெரிக்காவில் வானிலை மாறுகிறது.

சரி, எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் ஜோடின்னு ஏதாவது கணக்கு இருக்கா?

தோராயமாக இருக்கிறது. 45 டிகிரி அட்சரேகையில் பூமியின் சுற்றளவு சுமார் 28,000 கி.மீ. அதில் ஐந்து அலைகள் அமர்ந்தால் ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு 72 டிகிரி தீர்க்கரேகை தள்ளி, அதாவது 5,600 கி.மீ. சொச்சம். ஏழு அலைகள் என்றால் 51 டிகிரி, சுமார் 4,000 கி.மீ. ஆக முகட்டுக்கு முகடு வெயில், நடுவில் பாதித் தூரத்தில் மழை. பல ஆயிரம் கி.மீ. தள்ளி உள்ள இரண்டு இடங்கள் ஒரே மாதிரி காய்வதும், அவற்றுக்கு இடையே உள்ள இடம் நனைவதும் இந்தக் கணக்கில்தான்.

மலையும் கடற்கரையும் இருந்த இடத்திலேயே இருப்பதால் அலைகளுக்கும் பிடித்தமான இடங்கள் உண்டு. கோடையில் ஆசியாவுக்கு மேலே 40 டிகிரி அட்சரேகையை ஒட்டி ஓடும் ஜெட்டில் வரிசையாக அகடு முகடு அமைவதற்குப் பட்டுப் பாதை வடிவம் என்று பெயர். காஸ்பியன் கடல் பக்கம் தொடங்கி ஜப்பான்வரை நீளும். பழைய வணிகப் பாதையின் மேலேயே போவதால் அந்தப் பெயர். இதே சங்கதி பூமியை முழுச் சுற்றுச் சுற்றி ஐந்து அலைகளாக அமையும்போது உலகம் சுற்றும் தொலை இணைப்பு வடிவம் என்பார்கள். 2005-ல் டிங், வாங் என்ற இரு ஆய்வாளர்கள் இதை விளக்கினார்கள்.

2010-ல ரஷ்யாவுல வெப்பம், பாகிஸ்தான்ல வெள்ளம். ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்றாங்களே, உண்மையா இல்ல கதையா?

உண்மைதான், ஆனால் பாதியைத்தான் சொல்கிறார்கள். அந்த ஆண்டு மேற்கு ரஷ்யாவுக்கு மேலே ஒரு பெரிய முகடு ஜூலை முழுக்க அமர்ந்து, ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நகரவில்லை. ஜூலை 29 அன்று மாஸ்கோவில் 38.2 டிகிரி பதிவானது, அந்நகரம் அதுவரை பார்த்திராத வெப்பம். காடும் கரிநிலமும் பற்றி எரிந்து புகை நகரத்தை மூடியது. அந்தக் கோடையில் சுமார் 55,000 பேர் இறந்ததாக மதிப்பீடு. விளைச்சல் விழுந்ததால் ஆகஸ்ட் 15 முதல் ரஷ்யா தானிய ஏற்றுமதியையே நிறுத்தியது.

அதே முகட்டின் கிழக்கு ஓரத்தில் ஜெட் தெற்கே சரிந்து ஒரு அகட்டை வடக்குப் பாகிஸ்தான்வரை நீட்டியது. அகட்டின் கிழக்கே காற்று ஏறும் என்று மூன்றாவது பதிலில் பார்த்தோமே, அது இங்கே நடந்தது. இனி சொல்லாமல் விடும் பாதி: அகடு மட்டும் வந்திருந்தால் அவ்வளவு மழை பெய்திருக்காது. அந்த நேரத்தில் பருவமழை வங்கக் கடலிலிருந்தும் அரபிக் கடலிலிருந்தும் ஏராளமான ஈரத்தை அதே இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தது. பசிபிக்கில் லா நினா (பூமத்திய ரேகையை ஒட்டிய கடல் வழக்கத்தைவிடக் குளிர்வது; சூடானால் எல் நினோ) தலைதூக்கியதும் பருவமழைக்குச் சாதகம். ஈரம் கீழே தயார், தூக்கிவிட ஆள் மேலே தயார், இரண்டும் ஜூலை கடைசி வாரத்தில் மலையடிவாரத்தில் சந்தித்தன. சுமார் 2 கோடிப் பேர் பாதிக்கப்பட்டார்கள்.

ஆகவே 'ரஷ்ய வெப்பம் பாகிஸ்தானுக்கு வெள்ளம் கொண்டுவந்தது' என்பது தவறு. ஒரே அலை இரண்டு இடத்திலும் மேடையைப் போட்டது, அங்கங்கே இருந்த மண்ணும் ஈரமும் ஆட்டத்தை முடிவு செய்தன என்பது சரி.

ஜெட் குளிர்காலத்துலதான் பலம்னீங்க. அப்புறம் ஏன் கோடையில இவ்ளோ பேச்சு?

பலவீனமாக இருப்பதால்தான். கோடையில் துருவத்துக்கும் வெப்பமண்டலத்துக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் குறைகிறது, ஜெட் மெதுவாகி வடக்கே ஒதுங்குகிறது. ராஸ்பி அலைகளுக்கு ஒரு குணம் உண்டு: ஓடும் காற்றோடு ஒப்பிட்டால் அவை மேற்கே பின்வாங்கப் பார்க்கும், அலை நீளமானால் இன்னும் வேகமாக. காற்று கிழக்கே தள்ளும் வேகமும் அலை மேற்கே இழுக்கும் வேகமும் சமமானால் அலை நின்ற இடத்தில் நிற்கும். காற்று மெதுவானால் கொஞ்சம் குட்டையான அலைகள்கூட இப்படி நின்றுவிடுகின்றன. குளிர்கால ஜெட் வேகமான புயல்களை அடுத்தடுத்து அனுப்பும், வந்தது போய்விடும். கோடை ஜெட் ஒரே வானிலையை ஒரே இடத்தில் வாரக்கணக்கில் விட்டுவைக்கும். வெப்ப அலைக்கும் வெள்ளத்துக்கும் வேண்டியது அந்த வாரக்கணக்குதான்.

இந்தியப் பருவமழை இதுல எங்க வருது? நம்ம மேல வந்து விழுற அலையா, நாம அனுப்புற அலையா?

இரண்டும். அனுப்புவதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதைப் பலர் நம்புவதே இல்லை. பருவமழை மேகங்களில் நீராவி நீராக மாறும்போது வெளிவரும் வெப்பம் சாதாரணமானதல்ல, வளிமண்டலத்தின் நடு அடுக்கையே சூடாக்கும். அந்தச் சூடு மேற்கே ஒரு ராஸ்பி அலையைப் பரப்புகிறது. அது மேற்கிலிருந்து வரும் காற்றோடு மோதும் இடத்தில், கிழக்கு மத்தியதரைக் கடலுக்கும் கிழக்குச் சஹாராவுக்கும் மேலே, காற்று இறங்குகிறது. ராட்வெல், ஹாஸ்கின்ஸ் என்ற இருவர் 1996-ல் காட்டியது இது. இந்தியாவில் மழை கொட்டும் அதே மாதங்களில் கிரேக்கமும் எகிப்தும் வறண்டு கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கிழக்குப் பக்கம், மேலே சொன்ன ஆசிய ஜெட்டைப் பருவமழையின் சூடு அசைத்துவிட்டால் அலை கொரியா, ஜப்பான் தாண்டிப் பசிபிக்கையும் கடந்து வட அமெரிக்காவரை தெரியும்.

வாங்குவது: வசந்தத்தில் இமயமலைக்குத் தெற்கே ஓடும் ஜெட், ஜூன் வாக்கில் திபெத் பீடபூமிக்கு வடக்கே தாவுகிறது. பருவமழை நிலைபெறுவது இந்த இடமாற்றத்தோடு சேர்ந்துதான் நடக்கிறது. அப்புறம் நடுவில் எப்போதாவது மேற்கத்திய அகடு ஒன்று தெற்கே இறங்கி, வறண்ட காற்றை வட இந்தியாவுக்குள் விட்டால் மழைக்கு இடைவெளி விழும். பருவமழைக்குச் சொந்தமாகவும் ஒரு ஜெட் இருக்கிறது, தீபகற்பத்துக்கு மேலே கிழக்கிலிருந்து மேற்காக ஓடும் வெப்பமண்டலக் கீழைக்காற்று ஜெட். அதை 1958-ல் விவரித்தவர் இந்திய வானிலையாளர் கோட்டீஸ்வரம். அது இந்தப் பக்கம் பேசும் அலைகளைச் சுமப்பதில்லை. ஏன் என்று தெற்கு அரைக்கோளக் கேள்வியில் வருகிறது.

அலை நின்னுபோச்சுன்னா அதைத்தான் ஒமேகா பிளாக்னு சொல்றாங்களா?

அது ஒரு வகை. நின்றுபோன அலையிலும் ஜெட் முகட்டைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும். அலை இன்னும் பெரிதாகி உடைந்து, மேற்கிலிருந்து வரும் காற்றின் வழியையே மறித்தால் அது பிளாக். நடுவில் உயர் அழுத்தம், இரு பக்கமும் தாழ்வுகள் என்று அமைந்தால் ஜெட்டின் பாதை கிரேக்க எழுத்து ஒமேகா (Ω) போலத் தெரியும்.

2021 ஜூன் கடைசியில் வட அமெரிக்காவின் மேற்கில் நடந்தது அதுதான். கனடாவின் லிட்டன் கிராமத்தில் ஜூன் 29 அன்று 49.6 டிகிரி. அதுவரை நாட்டின் சாதனை 1937-ல் பதிவான 45. கிராமம் இருப்பது 50 டிகிரி வடக்கில். அடுத்த நாள் தீ வந்து கிராமத்தின் பெரும்பகுதியை எரித்துவிட்டது. அந்த முகட்டுக்கு வலு சேர்த்ததில் ஒரு பங்கு பசிபிக் கடலுக்கு மேலே, பல நாட்களுக்கு முன்பே கிடைத்தது. அங்கே ஈரக்காற்று ஏறி மேகமானபோது வெளிவந்த வெப்பம் முகட்டை ஊதிப் பெரிதாக்கியது. கடலில் பெய்த மழை கரையில் காய்ந்த வெயிலுக்கு உதவியது என்றால் நம்பக் கஷ்டம்தான்.

ரெண்டு நாட்டுல ஒரே வாரத்துல பேரிடர் வந்தா, கண்ண மூடிட்டு ஜெட் அலைதான்னு சொல்லிடலாமா?

கூடாது. கோடையில் எந்த வாரத்தை எடுத்தாலும் உலகில் எங்காவது வெப்ப அலையும் எங்காவது வெள்ளமும் இருக்கும். இரண்டையும் கோடு போட்டு இணைப்பது எளிது. குறைந்தது மூன்று விஷயம் பார்க்க வேண்டும். இரண்டு இடத்துக்கும் நடுவில் அலை வரைபடத்தில் தொடர்ச்சியாகத் தெரிகிறதா, மேற்கே உள்ள இடத்தில் முதலில் தொடங்கி ஆற்றல் போகும் வேகத்துக்கு ஏற்றபடி கிழக்கே பின்னால் வந்ததா, அப்புறம் இரு இடமும் மேற்கிலிருந்து காற்று வீசும் பட்டையில்தான் இருக்கின்றனவா. ஒன்று இல்லாவிட்டாலும் சந்தேகப்படுங்கள்.

2021 ஜூலை நல்ல உதாரணம். நடுவில் ஜெர்மனியின் ஆர் பள்ளத்தாக்கில் வெள்ளம், 20-ஆம் தேதி சீனாவின் செங்சோவில் ஒரே மணி நேரத்தில் 201.9 மி.மீ. மழை. ஐரோப்பாவில் காரணம் ஜெட்டிலிருந்து அறுந்து தனியாகச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு தாழ்வு. சீனாவில் பெரும்பங்கு, பசிபிக்கில் இருந்த புயலைச் சுற்றி உள்ளே வந்த ஈரம். வாரம் ஒன்றாக இருந்ததே தவிர கதை வேறு. 2018-ஐ எடுத்தால் நிலைமை மாறுகிறது. அந்தக் கோடையில் ஏழு அலை வடிவம் வாரக்கணக்கில் நின்றது வரைபடத்தில் தெளிவு, வட அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஜப்பானும் ஒன்றாக வெந்தன. ஜப்பானின் குமாகயாவில் ஜூலை 23 அன்று 41.1 டிகிரி.

வடக்கே கிளம்பின அலை பூமத்திய ரேகையைத் தாண்டி ஆஸ்திரேலியாவுக்கோ தென் அமெரிக்காவுக்கோ போகுமா?

கோடையில் பெரும்பாலும் போகாது. நிலையாக நிற்கும் ராஸ்பி அலைக்கு மேற்கிலிருந்து வீசும் காற்று வேண்டும், அதை எதிர்த்துத்தான் அது நிற்கிறது. கிழக்கிலிருந்து வீசும் காற்றுக்குள் நுழைந்தால் பிடிமானம் போய்க் கரைந்துவிடும். வடக்கின் கோடையில் ஆசிய, ஆப்பிரிக்க வெப்பமண்டலத்தின் மேலடுக்கு முழுக்கக் கீழைக்காற்று, அது சுவர் போட்ட மாதிரி. கிழக்குப் பசிபிக்கிலும் அட்லாண்டிக்கிலும் வெப்பமண்டலத்துக்கு மேலேயே மேலைக்காற்று வீசும் இடைவெளிகள் உண்டு, ஆனால் அவை அகலத் திறப்பது வடக்கின் குளிர்காலத்தில்.

எல் நினோ வந்தா எல்லாம் மாறிடும்ல?

கோடையில் நேரடியாக அவ்வளவு இல்லை. போன பதிலில் சொன்ன கீழைக்காற்றுச் சுவர் இங்கேயும் தடுக்கிறது. எல் நினோ தன் வேலையைச் சுற்றுவழியில் செய்கிறது: இந்தியப் பருவமழையைக் குறைக்கும் அல்லது இடம் மாற்றும், பருவமழை ஆசிய ஜெட்டைத் தொடும் விதம் மாறும், அங்கிருந்து அலை கிளம்பும். குளிர்காலத்தில்தான் அது நேராக வட அமெரிக்காவின் கதவைத் தட்டும்.

ஆர்க்டிக் சூடாகறதாலதான் ஜெட் தள்ளாடுதுன்னு படிச்சேன். இது முடிவான விஷயமா?

முடிவாகவில்லை. 2012-ல் பிரான்சிஸ், வவ்ரஸ் இருவரும் வைத்த வாதம் இது: ஆர்க்டிக் மற்ற இடங்களைவிட வேகமாகச் சூடாகிறது, வெப்ப வித்தியாசம் குறைகிறது, ஜெட் மெதுவாகிறது, வளைவுகள் பெரிதாகி நிற்கின்றன. கேட்க அழகாக இருக்கிறது, முதல் பதிலோடும் பொருந்துகிறது. 1979-க்குப் பிறகு ஆர்க்டிக் உலகச் சராசரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடானதும் உண்மை.

சிக்கல் இரண்டு. ஆர்க்டிக்கின் கூடுதல் சூடு பெரும்பாலும் தரைக்கு அருகில், அதுவும் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும். கோடையில் உருகும் பனி அங்கே வெப்பத்தை உறைநிலைக்குப் பக்கத்திலேயே கட்டிவைத்துவிடும். இரண்டாவது, ஜெட் ஓடும் உயரத்தில் வெப்பமண்டலக் காற்றும் வேகமாகச் சூடாகிறது, அங்கே வித்தியாசம் கூடுகிறது. கீழே ஒரு கை தளர்த்துகிறது, மேலே ஒரு கை இறுக்குகிறது. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கையும் இந்த இணைப்புக்குக் குறைந்த நம்பிக்கைதான் கொடுத்தது.

மறுபக்கம், கோடைக் காற்றோட்டம் சில பத்தாண்டுகளாகத் தளர்ந்திருப்பதாக அளவீடுகள் காட்டுகின்றன. மேற்கு ஐரோப்பாவில் வெப்ப அலைகள் மற்ற நடு அட்சரேகைப் பகுதிகளைவிட மூன்று, நான்கு மடங்கு வேகத்தில் கூடியிருக்கின்றன, ஜெட் இரண்டாகப் பிரிந்து நிற்கும் நாட்கள் நீள்வதோடு அதற்குத் தொடர்பு தெரிகிறது. என் கருத்து: அலை மாறியதா என்ற சண்டை முடியாவிட்டாலும், அதே அலை இன்று அமர்ந்தால் முன்பைவிடச் சூடாகவே இருக்கும், ஏனென்றால் அடியில் இருக்கும் உலகம் சூடாகிவிட்டது. அதில் சண்டை கிடையாது.

ரெசனன்ஸ்னு ஒண்ணு சொல்றாங்களே, அலை தன்னைத்தானே பெருசாக்கிக்குமாம்?

2013-ல் பெதுகோவ் குழுவினர் முன்வைத்த கருதுகோள். ஜெட் குறுகலாகவும் கூர்மையாகவும் இருந்தால் அலையின் ஆற்றல் வடக்கிலும் தெற்கிலும் கசியாமல் அதே பட்டைக்குள் அடைபட்டுப் பூமியைச் சுற்றும். அப்போது ஆறு, ஏழு, எட்டு அலைகளில் ஏதாவது ஒன்று மலையும் கடலும் கொடுக்கும் உந்துதலோடு ஒத்திசைந்து வீங்கிவிடும். 2003, 2010, 2018 கோடைகளுக்கு இதைப் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். எதிர்ப்பவர்கள் சொல்வது: பூமியைச் சுற்றிச் சராசரி எடுத்த காற்றை வைத்துப் பட்டை மூடியிருக்கிறது என்கிறீர்கள், நிஜத்தில் பட்டையில் ஓட்டைகள் இருக்கின்றன, பெரிய அலை வந்தாலே சராசரிக் காற்றும் மாறிவிடும், எது காரணம், எது விளைவு? நியாயமான கேள்வி. இணைப்பு இருக்கிறது என்பதற்கு ரெசனன்ஸ் தேவையே இல்லை. சாதாரண அலைத்தொடரே போதும்.

அலை வருதுன்னு தெரிஞ்சா ஒரு மாசம் முன்னாடியே சொல்லிடலாமே?

நாள் குறித்துச் சொல்லும் வானிலைக்குச் சுமார் இரண்டு வாரம்தான் எல்லை, ஜெட் அலைகளும் அதற்குள் அடக்கம். ஆற்றல் வேகமாகப் போகும் என்பதால் தூரத்துத் தடுமாற்றம் ஒரு வாரம் முன்பே கணிப்பில் தெரியும். 2021 கனடா வெப்பத்தை ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் காட்டின. எண்களைப் பார்த்துப் பல வானிலையாளர்கள் மாதிரியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தார்கள். பிளாக் எப்போது உடையும் என்பதைச் சொல்வதுதான் கஷ்டம். மாதிரிகள் பிளாக்குகளின் எண்ணிக்கையையே பெரும்பாலும் குறைத்துக் காட்டுகின்றன.

தவறும் அலையோடு சேர்ந்து பயணிக்கும். ஐரோப்பாவுக்கான ஆறு நாள் கணிப்பு மோசமாகப் பொய்த்த நேரங்களைத் தேடிப் பார்த்தபோது, பல முறை தொடக்கம் வட அமெரிக்காவில் பெரிய இடிமழைக் கூட்டங்களில் இருந்தது. அவற்றின் சூட்டை மாதிரி சரியாகப் பிடிக்கவில்லை, பிழை ஜெட்டில் ஏறி அட்லாண்டிக்கைத் தாண்டிவிட்டது.

நானே பாக்கணும்னா எந்த மேப்பைத் திறக்கணும்?

காற்று வேகத்தை வண்ணமாகக் காட்டும் 250 அல்லது 300 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அளவு, ஜெட் ஓடும் உயரத்தைக் குறிக்கும்) வரைபடம் அழகாக இருக்கும், ஆனால் அலையை எண்ண அது தோதில்லை. அதே மட்டத்தில் வடக்கு தெற்குத் திசைக் காற்றை மட்டும் தனியாகக் காட்டும் வரைபடத்தைத் தேடுங்கள். வடக்கே போகும் காற்று சிவப்பு, தெற்கே வரும் காற்று நீலம் என்று வைத்தால், சிவப்பு நீலம் மாறி மாறி வரிசை கட்டும். ஒரு சிவப்பும் ஒரு நீலமும் சேர்ந்தால் ஒரு அலை. மேற்கிலிருந்து கிழக்காகப் பார்த்தால் சிவப்பு முடிந்து நீலம் தொடங்கும் இடம் முகடு, நீலம் முடிந்து சிவப்பு தொடங்கும் இடம் அகடு. தெற்கு அரைக்கோளத்தில் இது தலைகீழ், அங்கே குழம்பிவிடாதீர்கள்.

ஒரு நாள் படத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 35-லிருந்து 60 டிகிரி வடக்குவரை சராசரி எடுத்து, குறுக்கே தீர்க்கரேகையும் கீழ்நோக்கி நாட்களும் போட்ட படம் ஒன்று உண்டு, ஹொவ்மொல்லர் வரைபடம். 1949-ல் எர்னஸ்ட் ஹொவ்மொல்லர் கொண்டுவந்தது. அதில் வண்ணப் பட்டைகள் செங்குத்தாக இறங்கினால் அலை நிற்கிறது, வலப்பக்கம் சாய்ந்தால் கிழக்கே நகர்கிறது. பட்டைகள் செங்குத்தாக நிற்கும்போதே, ஒவ்வொரு புதுப் பட்டையும் முந்தையதற்கு வலப்பக்கம் ஓரிரு நாள் தள்ளித் தொடங்கினால் ஆற்றல் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு நாட்டுப் பேரிடரை இணைத்து யாராவது பேசினால் முதலில் இந்தப் படத்தைக் கேளுங்கள்.